வாயுவும் அதன் விதிகளும்

(சங்க அங்கத்தவர் முன்னிலையில் ஆற்றிய சொற்பொழிவு)



நிலம், நீர், தீ, வளி, வெளி என்று ஐம்பூதங்களை வகுத்த நம் முன்னோர் வளியையும் அவற்றுள் ஒன்றாக வைத்து எண்ணினர். திருக்காளத்தியை வாயுத்தலமாகக் கொண்டு வழிபட்டனர். கண்ணுக்குப் புலப்படாத ஒன்றை, மெய்யினால் மாத்திரம் உணரத்தக்க ஒன்றை, உலகத்தை ஆக்கும் பொருள்களுள் ஒன்றென எண்ணத் துணிந்தது சிறிய காரியமன்று. ஆயினும், வளி என்று ஒன்று உண்டு என அறிவது வேறு. அது எவ்வாறு ஒழுகுகின்றது என அளந்து அறிவது வேறு. அளந்து அறியும் வேலை மேல்நாட்டில் ஏறக்குறைய முந்நூற்றைம்பது ஆண்டுகளுக்கு முன் தொடங்கியது. அந்த வேலையின் பயனைப் பற்றியே இன்று நாம் பேச விரும்புகின்றோம்.

இது பரீட்சைக்குப் படிக்கும் மாணவருக்குரிய விடயமன்றோ, சமயமும் சமூகத் தொண்டும் பேணும் ஒரு சங்கத்தில் இதற்கு என்ன இடம் என்று சிலர் எண்ணக்கூடும். அதற்கு மறுமொழியை இப்போதே கூறிவிடுவோம். நம் வடகடலில் சங்குக்கும் கடலட்டைக்கும் சுழியோடும் இளைஞர் பலர் உளர். முதுகிற் காற்றுச் சிலிண்டரைக் கட்டிக்கொண்டு அவர்கள் கீழே இறங்குகின்றார்கள். அவர்களுட் சிலர் கால் வழங்காமற் படுக்கையில் விழுந்திருக்கின்றனர். சிலர் உயிரும் இழந்திருக்கின்றனர். ஒன்பதாம் பத்தாம் வகுப்பில் நாம் மனனம் செய்து மறந்துவிட்ட ஒரு விதியே அந்த உயிர்களுக்கும் மரணத்துக்கும் இடையில் நிற்கும் விதி. ஆகவே இது தொண்டுக்குப் புறம்பான பொருள் அன்று.

முதலில் மூன்று சொற்களைத் தெளிவாக்கிக் கொள்வோம். அவை கனவளவு, அமுக்கம், வெப்பநிலை என்பன.

ஒரு போத்தல் தண்ணீரைப் பெரிய அண்டா ஒன்றினுள் ஊற்றினால் அது அண்டாவின் அடியில் ஒரு போத்தல் அளவாகவே கிடக்கும். ஆனால், உள்ளிருக்கும் காற்றை முற்றாக அகற்றிய அண்டா ஒன்றினுள் ஒரு போத்தல் வாயுவை விட்டால் அது அண்டா முழுவதும் பரந்து நிற்கும். வாயுவுக்குத் தனக்கென ஓர் உருவமும் இல்லை. தனக்கென ஓர் அளவும் இல்லை. கொடுத்த இடத்தை நிரப்புவதே அதன் இயல்பு. அது நிரப்பும் இடத்தின் அளவே கனவளவு. ஆகையால் ஒரு வாயுவின் நிலையை உரைப்பதற்குக் கனவளவை மாத்திரம் கூறினாற் போதாது. அது தன்னை அடைத்திருக்கும் சுவரை எவ்வளவு வலிமையோடு தள்ளுகின்றது என்பதையும், அது எவ்வளவு சூடாயிருக்கின்றது என்பதையும் கூறவேண்டும்.

சுவரின் ஓர் அலகுப் பரப்பை வாயு தள்ளும் விசையே அமுக்கம். நம்மைச் சூழ்ந்த வளிமண்டலமும் நம்மை அமுக்கிக்கொண்டே இருக்கின்றது. கடல் மட்டத்தில் ஒவ்வொரு சதுர சதமமீற்றரிலும் ஏறக்குறைய ஒரு கிலோகிராம் நிறை இருப்பதுபோல அது அமுக்குகின்றது. பழைய கணக்கிற் சொல்வதாயின், சதுர அங்குலத்துக்கு 14.7 இறாத்தல். நம் உடலினுள்ளும் அதே அமுக்கம் இருப்பதால் நாம் நசுங்குவதில்லை, பாரத்தை உணர்வதுமில்லை. 1643 ஆம் ஆண்டில் இத்தாலி தேசத்துத் தொரிசெல்லி என்பவர் ஒரு கண்ணாடிக் குழாயை இரசத்தால் நிரப்பிக் கவிழ்த்து, வளிமண்டலம் ஏறக்குறைய 76 சதமமீற்றர் உயரமுள்ள இரச நிரலைத் தாங்கும் என்பதைத் தெரிவித்தார். 1648 ஆம் ஆண்டில் பிரான்சிய அறிஞர் பாசுக்காலின் வேண்டுகோட்படி அவர் மைத்துனர் பெரியே அக்குழாயுடன் ஒரு மலையில் ஏறினார். மேலே செல்லச் செல்ல இரசம் தாழ்ந்தது. மேலே காற்றின் சுமை குறைவு என்பதற்கு இதனினும் தெளிவான சான்று வேறில்லை.

இனி முதலாவது விதிக்கு வருவோம்.

அயர்லாந்திலே 1627 இற் பிறந்த இறொபேட்டு போயில் என்பவர், உறொபேட்டு ஊக்கு என்ற கைதேர்ந்த உதவியாளர் செய்துகொடுத்த காற்றுப் பம்பியைக் கொண்டு பல சோதனைகளைச் செய்து 1660 இல் ஒரு நூல் வெளியிட்டார். காற்றுக்கு வில்லைப் போன்ற ஒரு மீள்தன்மை உண்டு என்பது அவர் கொள்கை. லைனசு என்னும் குருவானவர் ஒருவர் இதனை மறுத்தார். குழாயில் இரசம் நிற்பது காற்றின் தள்ளுதலால் அன்று. கண்ணுக்குத் தெரியாத ஓர் இழை மேலிருந்து அதனைப் பிடித்து இழுக்கின்றது. காற்றின் மீள்தன்மைக்கு அவ்வளவு இரசத்தைத் தாங்கும் வலிமை கிடையாது என்பது லைனசின் வாதம்.

போயில் கோபித்தாரல்லர். சொல்லுக்குச் சொல் அடுக்கினாரும் அல்லர். அளந்து காட்டினார். ஆங்கில எழுத்து ‘ஜே’ போல வளைந்த நீண்ட கண்ணாடிக் குழாய் ஒன்றைச் செய்வித்தார். அதன் குட்டைப் புயம் மூடியது. நெட்டைப் புயம் திறந்தது. குட்டைப் புயத்தில் 12 அங்குலக் காற்றை அடைத்து, நெட்டைப் புயத்தின் வழியாகச் சிறிது சிறிதாக இரசத்தை ஊற்றினார். தொடக்கத்தில் அந்தக் காற்றின் மீது வளிமண்டல அமுக்கம் மாத்திரம் இருந்தது. அது 29 அங்குல இரசத்துக்குச் சற்று மேற்பட்டது. காற்று 6 அங்குலமாக ஒடுங்கியபோது அதன் மீதிருந்த மொத்த அமுக்கம் ஏறக்குறைய 58¾ அங்குலம். 3 அங்குலமாக ஒடுங்கியபோது ஏறக்குறைய 117½ அங்குலம். இடம் பாதியானால் அமுக்கம் இரட்டிப்பு. இடம் காலானால் அமுக்கம் நான்கு மடங்கு. தன் கணக்கின்படி முறையே 58¼ உம் 116½ உம் வந்திருக்க வேண்டும் என்பதையும், அளந்த எண்களுக்கு அருகிலேயே போயில் அச்சிட்டார். சிறிய வேறுபாடுகளை மறைக்கவில்லை. 1662 இல் வெளிவந்த இந்த அட்டவணையே போயிலின் விதிக்கு அடிப்படை. லைனசு மறுத்திராவிட்டால் இந்த அளவை எடுக்கும் அவசியம் போயிலுக்கு அப்போது நேர்ந்திராது. நன்னோக்குடன் செய்யப்படும் மறுப்பும் அறிவை வளர்க்கும் என்பதற்கு இது சாட்சி.

விதி யாதெனின்: வெப்பநிலை மாறாதிருக்க, குறித்த ஒரு திணிவு வாயுவின் அமுக்கமும் கனவளவும் ஒன்றுக்கொன்று நேர்மாறு விகிதசமமானவை. அமுக்கத்தையும் கனவளவையும் பெருக்கி வரும் தொகை மாறுவதில்லை. ‘வெப்பநிலை மாறாதிருக்க’ என்ற நிபந்தனையை மறத்தலாகாது. துவிச்சக்கர வண்டிக்கு விரைவாகக் காற்றடிக்கும்போது பம்பியின் அடிப்பாகம் சுடுவதை எல்லோரும் அறிவீர்கள். அங்கே கனவளவும் அமுக்கமும் மாறும்போதே வெப்பநிலையும் மாறுகின்றது. ஆகவே அங்கே போயிலின் விதி ஒன்றே போதாது.

வெப்பநிலை செய்யும் வேலையை ஆராய்ந்தவர்களுள் முதலில் நினைக்கவேண்டியவர் பிரான்சியரான அமொந்தன். இளமையிலேயே செவிப்புலனை இழந்த இவர், அக்குறையைப் பொருட்படுத்தாது கருவிகள் செய்வதில் ஈடுபட்டார். ஒரே இடத்தில் அடைபட்ட காற்றைச் சூடாக்கினால் அதன் அமுக்கம் ஒழுங்கான முறையில் உயர்கின்றது என்பதை 1700 ஐ ஒட்டிய ஆண்டுகளிற் கண்டார்.

அதன்பின் வந்தது பலூன் காலம். 1783 நவம்பர் 21 ஆம் திகதி மொங்கொல்பியே சகோதரர் செய்த சூட்டுக் காற்றுப் பலூனில் இருவர் பாரிசு நகரின் மேலே பறந்தனர். பத்து நாட்களின் பின், டிசெம்பர் 1 ஆம் திகதி, சாள்சு என்பவர் ஐதரசன் நிரப்பிய பலூனில் ஒரு துணைவருடன் மேலே சென்றார். சூடான காற்று ஏன் பலூனைத் தூக்குகின்றது? சூட்டினாற் காற்று விரிகின்றது. விரிந்த காற்று அதே அளவு குளிர்ந்த காற்றிலும் பாரம் குறைந்தது. எண்ணெய் நீரில் மிதப்பது போல அது மேலெழுகின்றது. இந்த விரிவை 1787 அளவிற் சாள்சு அளந்தார், ஆனால் அச்சிடவில்லை. 1802 இற் கேலுசாக்கு என்னும் இளம் இரசாயனர், அப்போது அவருக்கு 23 வயது, பல வாயுக்களை வைத்து நுட்பமாக அளந்து, எல்லா வாயுக்களும் ஒரே விகிதத்தில் விரிகின்றன என்று வெளியிட்டார். தமக்கு முன் சாள்சு இதனைக் கண்டிருந்தார் என்பதையும் அதே கட்டுரையில் எழுதினார். அச்சேறாத வேலைக்கு உரியவர் பெயரை மறையாது கூறியமையாலேயே இன்று அதனைச் சாள்சின் விதி என்கின்றோம். பிறருடைய புகழைத் தமதாக்கிக்கொள்ள வாய்ப்பிருந்தும் அதனைச் செய்யாத இந்த நேர்மையை நம் இளைஞர் மனத்திற் கொள்ளவேண்டும்.

இந்த விதியை ஓர் உதாரணத்தால் விளக்குவோம். அமுக்கம் மாறாதிருக்க, 0 பாகை செல்சியசில் 273 லீற்றர் இருக்கும் வாயு, 1 பாகையில் ஏறக்குறைய 274 லீற்றராகும். 10 பாகையில் 283 லீற்றர். 100 பாகையில் 373 லீற்றர். ஒவ்வொரு பாகைக்கும் ஒவ்வொரு லீற்றராகக் கூடுகின்றது. இப்போது எதிர்த்திசையிற் செல்லுங்கள். பூச்சியத்துக்குக் கீழே 1 பாகையில் 272. 100 பாகை கீழே 173. இப்படியே போனால் 273 பாகை கீழே கனவளவு ஒன்றுமில்லாமற் போகவேண்டும். உண்மையில் அவ்விடத்தை அடையுமுன்பே எல்லா வாயுக்களும் திரவமாகிவிடும். எனினும் அந்த எல்லை பொய்யன்று. அதனிலும் குளிர்ந்த நிலை ஒன்று இல்லை. சரியாகச் சொன்னால் அது பூச்சியத்துக்குக் கீழே 273.15 பாகை. அதனைத் தனிப்பூச்சியம் என்பர். 1848 இல், பிற்காலத்திற் கெல்வின் பிரபு எனப்பட்ட வில்லியம் தொம்சன், தனிவெப்பநிலை என்னும் கருத்தை முன்வைத்தார். இன்று தனிப்பூச்சியத்திலிருந்து வெப்பநிலையை எண்ணும் அளவைக்கு அவர் பெயரே வழங்குகின்றது. செல்சியசு பாகையுடன் 273 ஐக் கூட்டினால் ஏறக்குறையக் கெல்வின் வரும்.

போயில், சாள்சு, அமொந்தன் ஆகியோர் கண்ட மூன்றையும் சேர்த்தால் ஒரே வாக்கியமாகின்றது. அமுக்கத்தைக் கனவளவாற் பெருக்கித் தனிவெப்பநிலையால் வகுத்தால் வருவது, குறித்த திணிவுள்ள வாயுவுக்கு ஒரு மாறிலி. மூன்றில் ஒன்றை அசைத்தால் மற்றவை சும்மா இருக்கமாட்டா.

இதனைக் கணக்கிற் பயன்படுத்தும்போது மாணவர் வழுக்கி விழும் இடங்கள் இரண்டு. மோட்டார் வண்டியின் ரயர் ஒன்றைக் கருதுவோம். காலையில் 27 பாகையில் அதன் மானி, சதுர அங்குலத்துக்கு 30 இறாத்தல் எனக் காட்டுகின்றது. நடுப்பகல் வெயிலில் ஓடிய பின் ரயரினுள்ளே 57 பாகை. மானி இப்போது எவ்வளவு காட்டும்? 57 ஐ 27 ஆல் வகுத்து 30 ஆற் பெருக்கினால் 63 இறாத்தல் வரும். அது உண்மையாயின் தெருவில் ஒரு வண்டியும் ஓடாது. பிழை எங்கே? முதலாவது, வெப்பநிலையைத் தனிப்பூச்சியத்திலிருந்து எண்ணவேண்டும்: 300 கெல்வின் 330 ஆகின்றது, பத்தில் ஒரு பங்கு உயர்வு, அவ்வளவுதான். இரண்டாவது, மானி காட்டுவது வளிமண்டல அமுக்கத்துக்கு மேற்பட்ட பகுதியை மாத்திரமே. ஆகவே 30 உடன் 14.7 ஐக் கூட்டி 44.7 என்று எடுக்கவேண்டும். ரயரின் கனவளவு ஏறக்குறைய மாறாது எனக் கொண்டால் அது 49.2 ஆகும். அதிலிருந்து 14.7 ஐக் கழிக்க மானி 34½ இறாத்தல் காட்டும். இதனாலேதான் ரயருக்குக் காற்றின் அளவைக் குளிர்ந்த நிலையிற் பார்க்கவேண்டும் என்கின்றனர். ஓடிச் சூடேறிய ரயரில் மானி கூடுதலாகக் காட்டுகின்றதே என்று காற்றைத் திறந்துவிட்டால், மறுநாட் காலையில் அது குறைவாக நிற்கும்.

விதிகள் எப்படி என்பதைக் கூறின. ஏன் என்பதை யார் கூறுவது? சுவிட்சலாந்தைச் சேர்ந்த தானியேல் பேணூலி 1738 இல் ஒரு விடை தந்தார். வாயு என்பது எண்ணிறந்த நுண்துகள்கள் இடைவிடாது எல்லாத் திசையிலும் ஓடித்திரியும் ஒரு கூட்டம். அவை சுவரில் மோதும் மோதலே அமுக்கம். இடத்தைப் பாதியாக்கினால் ஒவ்வொரு சதுர அங்குலத்திலும் மோதுகை இரட்டிக்கும். இதுவே போயிலின் விதி. சூடாக்கினால் துகள்கள் விரைந்து ஓடும்; கடுமையாகவும் அடிக்கடியும் மோதும்; இதுவே அமொந்தன் கண்டது. இன்று நாம் அறிந்தபடி, நாம் இருக்கும் இந்த மண்டபத்துக் காற்றின் நைதரசன் மூலக்கூறுகள் செக்கனுக்கு ஏறக்குறைய 500 மீற்றர் வேகத்தில் ஓடுகின்றன. அசைவற்று இருப்பதாக நாம் எண்ணும் காற்றினுள்ளே இவ்வளவு அசைவு! பேணூலி கூறியதைக் கேட்பார் ஒரு நூற்றாண்டு வரை மிகச் சிலரே.

இங்கே ஒரு வரலாற்றைப் பெரியோரும் இளைஞரும் சேர்ந்து கேட்கவேண்டும். ஜோன் ஜேம்சு வாட்டர்ஸ்டன் என்பவர் எடின்பரோவில் 1811 இற் பிறந்தவர். 1839 முதல் பம்பாயில், கிழக்கிந்தியக் கம்பெனியின் கடற்படை மாணவருக்கு ஆசிரியராயிருந்தார். ஓய்வு நேரத்தில் தனியே சிந்தித்து, வாயுவின் வெப்பநிலை என்பது மூலக்கூறுகளின் இயக்கச் சக்தியின் அளவே என்றும், வெவ்வேறு வாயுக்கள் ஒரே வெப்பநிலையில் இருக்கும்போது அவற்றின் மூலக்கூறுகளின் சராசரி இயக்கச் சக்தி சமமாயிருக்கும் என்றும் கணித முறையால் நிறுவினார். 1845 இற் கட்டுரையை இலண்டன் இராயல் கழகத்துக்கு அனுப்பினார். அதனைப் பரிசீலித்த ஒருவர், இது வெறும் அபத்தம், கழகத்தில் வாசிப்பதற்கும் தகுதியற்றது என்று எழுதினார். ஒரு சிறு சுருக்கம் மாத்திரம் அச்சேறியது. கட்டுரையோ கழகத்தின் பெட்டகத்திற் புதைந்தது. வாட்டர்ஸ்டன் தம்மிடம் பிரதி ஒன்றும் வைத்திருக்கவில்லை. பின்னர் 1857 இற் கிளோசியசும், அடுத்த சில ஆண்டுகளில் மாக்சுவெல்லும் இதே வழியில் எழுதிப் புகழ் பெற்றனர். 1883 இல் ஒரு நாள் வாட்டர்ஸ்டன் எடின்பரோவிலுள்ள தம் இருப்பிடத்தை விட்டு வெளியே சென்றார், திரும்பி வரவேயில்லை. 1891 இல் இராயல் கழகத்தின் செயலாளராயிருந்த இறேலி பிரபு அந்தக் கட்டுரையைத் தேடி எடுத்து, வாசித்து வியந்து, கழகத்தின் வெளியீட்டிலேயே அச்சிடுவித்தார். 46 ஆண்டுகள் சென்றுவிட்டன. எழுதியவர் இல்லை.

பொருளை யார் சொன்னார் என்று பாராது, சொன்னது மெய்யா என்று பார்க்கவேண்டும் என வள்ளுவர் அறிவுடைமை அதிகாரத்திற் கூறியதை நாம் எல்லோரும் அறிவோம். மேடையிற் சொல்வோம்; ஆனால் பெயர் தெரியாத ஓர் இளைஞன் ஒரு புதிய கருத்துடன் வந்தால் அவனை வாசலிலேயே நிறுத்திவிடுவோம். பெரியோரை இது விடயத்திற் சிந்திக்குமாறு வேண்டுகின்றோம். இளைஞருக்கும் ஒன்று கூறுவோம். உங்கள் கருத்து உயர்ந்ததாயிருந்தாற் போதாது. பிறர் விளங்கிக்கொள்ளும்படி அதனை எழுதவும் கற்றுக்கொள்ளுங்கள். எழுதியதற்குப் பிரதியும் வைத்துக்கொள்ளுங்கள்.

இனித் தொடக்கத்தில் நாம் குறிப்பிட்ட சுழியோடிகளிடம் வருவோம். அதற்கு முன் நம் மூச்சைச் சற்று நோக்குவோம். பிராணாயாமம் பயில்வோர் பூரகம், கும்பகம், இரேசகம் என்று மூன்று கூறுவர். பூரகத்தின்போது பிரிமென்றகடு என்னும் தசைத்தகடு கீழிறங்கி, விலா எலும்புகள் உயர்ந்து, மார்பின் கனவளவு கூடுகின்றது. கூடவே உள்ளமுக்கம் குறைகின்றது. வெளிக்காற்று உள்ளே தள்ளப்படுகின்றது. இரேசகத்தின்போது இதற்கு எதிர்மாறு. நாம் காற்றை இழுக்கின்றோம் என்று சொல்வது வழக்கு. நாம் இடம் கொடுக்கின்றோம், காற்றுத் தானே வருகின்றது என்பதே உண்மை. பிறந்த கணம் முதல் இறக்கும் கணம் வரை போயிலின் விதியே நம் மூச்சை நடத்துகின்றது.

கடல் நீரில் ஒவ்வொரு 10 மீற்றருக்கும் ஏறக்குறைய ஒரு வளிமண்டல அமுக்கம் கூடுகின்றது. மேலே 1, 10 மீற்றரில் 2, 20 மீற்றரில் 3, 30 மீற்றரில் 4. பழைய மன்னார் முத்துச் சலாபத்திற் கல்லைப் பிடித்துக்கொண்டு மூச்சடக்கி மூழ்கியவனின் நிலையைப் பாருங்கள். மேலே அவன் நெஞ்சில் 6 லீற்றர் காற்று இருந்தால், 10 மீற்றரில் அது 3 லீற்றராக ஒடுங்கும். 20 மீற்றரில் 2 லீற்றர். மேலே வரும்போது பழையபடி 6 லீற்றராகும். அதற்கு மேற் போகாது. எடுத்துச் சென்ற காற்றைத்தான் அவன் திரும்பக் கொண்டு வருகின்றான்.

சிலிண்டருடன் இறங்குபவன் நிலை வேறு. 10 மீற்றர் ஆழத்தில், அந்த ஆழத்துக்குரிய அமுக்கத்திலேயே காற்று அவனுக்குக் கிடைக்கின்றது. 2 வளிமண்டல அமுக்கத்தில் 6 லீற்றரை அவன் நெஞ்சு நிறைய எடுக்கின்றான். ஏதோ பயத்தால் மூச்சை அடக்கிக்கொண்டு மேலே பாய்ந்தால் என்ன நிகழும்? அமுக்கம் பாதியாகின்றது; அந்தக் காற்று 12 லீற்றர் இடம் கேட்கின்றது. நெஞ்சில் அவ்வளவு இடம் ஏது? நுரையீரல் கிழியும், காற்றுக் குமிழி குருதியிற் புகுந்து மூளைக்குச் செல்லும். இதில் மற்றுமொரு நுட்பம் உண்டு. 30 இலிருந்து 20 மீற்றருக்கு வரும்போது அமுக்கம் நான்கிலிருந்து மூன்றாகின்றது. காற்று மூன்றில் ஒரு பங்கே விரிகின்றது. கடைசிப் பத்து மீற்றரிலோ அது இரட்டிக்கின்றது. கரை கண்டுவிட்டோம், இனிப் பயமில்லை என்று எண்ணும் இடமே மிகவும் ஆபத்தான இடம். யோகிக்குக் கும்பகம் நன்று. சிலிண்டருடன் மேலே வருபவனுக்குக் கும்பகம் யமன். அவன் மூச்சை ஒருபோதும் அடக்காது, சீராக மூச்சுவிட்டபடியே மெல்ல வரவேண்டும்.

இரண்டாவது ஆபத்தும் உண்டு. அமுக்கம் கூடக் கூட வாயு திரவத்திற் கூடுதலாகக் கரையும் என்பதை 1803 இல் வில்லியம் கென்றி கண்டார். சோடாப் போத்தலின் மூடியைத் திறந்ததும் அமுக்கம் குறைந்து குமிழிகள் எழுவதைப் பார்த்திருக்கின்றீர்கள். ஆழத்தில் நெடுநேரம் நிற்பவனுடைய குருதியிலும் தசையிலும் நைதரசன் அவ்வாறே கரைகின்றது. விரைந்து மேலே வந்தால், திறந்த சோடாப் போத்தல் போல உடலினுள்ளே குமிழிகள் தோன்றும். மூட்டு நோவு, மரப்பு, கால் வழங்காமை எல்லாம் இதனால் வருவன. படிப்படியாகத் தங்கித் தங்கி மேலே வரும் முறையை ஜோன் ஸ்கொட் கோல்டேன் என்பவர் 1908 இல் அட்டவணையாக்கி வெளியிட்டார். அந்த வேளை வந்தவனுக்கு உடனே ஒட்சிசன் கொடுத்து, அமுக்க அறை உள்ள வைத்தியசாலைக்குக் கொண்டுசெல்ல வேண்டும். நோவைத் தணிப்பதற்கு மீண்டும் நீருள் இறங்குதல் ஆபத்தை இரட்டிக்கும். ஒரு நாளைக்குப் பல தடவை இறங்குவோர், ஒவ்வொரு தடவையும் உடலில் தங்கிய நைதரசன் முற்றாகப் போகவில்லை என்பதை நினைவில் வைத்தல் வேண்டும்.

கடலுக்குச் செல்லாதவர் வீட்டிலும் இந்த விதிகள் குடியிருக்கின்றன. நுளம்புக்கு அடிக்கும் மருந்துத் தகரம் வெறுமையாகிவிட்டதென்று குப்பையோடு தீயில் இடுவோர் உளர். அதில் எஞ்சியிருப்பது வாயு, கனவளவு மாறமுடியாத அடைப்பு, வெப்பநிலையோ தீயினது. மீதியை நீங்களே கணக்கிடலாம்.

சமையல் எரிவாயுச் சிலிண்டர் இன்னும் சற்று வேறானது. அதனுள்ளே பெரும்பகுதி திரவம். மேலே அதன் ஆவி. திரவம் எஞ்சியிருக்கும்வரை ஆவியின் அமுக்கத்தைத் தீர்மானிப்பவை வெப்பநிலையும் திரவத்தின் கலவையுமே. எவ்வளவு எஞ்சியிருக்கின்றது என்பதன்று. அங்கே போயிலின் விதியைப் பிரயோகித்தல் தவறு. ஒரே வெப்பநிலையிற் புரொப்பேனின் ஆவியமுக்கம் பியூற்றேனினதிலும் மூன்று மடங்குக்கு மேற்பட்டது. 2021 ஆம் ஆண்டின் கடைசி மாதங்களில் நம் நாட்டின் பல வீடுகளில் எரிவாயுடன் தொடர்பான வெடிப்புகளும் தீயும் நிகழ்ந்தமை உங்களுக்கு நினைவிருக்கும். அதனை ஆராய நியமிக்கப்பட்ட குழு, கலவையில் ஏற்பட்ட மாற்றத்தையே முக்கிய காரணமாகச் சுட்டியது. கலவையின் ஓர் எண் மாறியது; அடுப்படியில் நின்ற தாய்மார் அதன் விலையைக் கொடுத்தனர். இந்த வாயு காற்றிலும் பாரமானது; கசிந்தால் நிலத்தோடு படியும். ஆதலால் மணம் வந்தால் மின்விளக்கின் ஆளியைத் தொடாது, வால்வை மூடி, கதவு சன்னல்களைத் திறந்துவிடுதல் வேண்டும்.

போயிலின் விதி எல்லா இடத்தும் செல்லாது என்றோம். இதனால் விதி பொய்யாகிவிடாது. மூலக்கூறுகளுக்கும் சிறிது இடம் வேண்டும்; அவை ஒன்றையொன்று சற்றே கவரவும் செய்கின்றன. இவ்விரண்டையும் கணக்கில் எடுத்து 1873 இல் ஒல்லாந்தரான வந்தர்வால்சு விதியைத் திருத்தி அமைத்தார். எங்கே செல்லும், எங்கே செல்லாது என்பதையும் சேர்த்துக் கூறுவதே விஞ்ஞானத்தின் அழகு.

முடிவாக ஒரு வேண்டுகோள். இச்சங்கத்தில் உயர்தரத்திற் பௌதிகமும் இரசாயனமும் கற்போர் பலர் இருக்கின்றீர்கள். விடுமுறையில் இருவர் மூவராகச் சேர்ந்து, சுழியோடும் இளைஞர் வாழும் கரையோர ஊர்களுக்குச் செல்லுங்கள். சூத்திரம் வேண்டாம். ஒரு பலூனும், ஒரு வாளித் தண்ணீரும், ஒரு சோடாப் போத்தலும் போதும். மூச்சை அடக்காதே, மெல்ல வா, தங்கி வா என்ற மூன்று வார்த்தைகளை அவர்கள் மனத்திற் பதியும்படி கூறுங்கள். கடலைப் பற்றி அவர்களிடம் நாம் கற்கவேண்டியவை அதனிலும் அதிகம்; அவற்றையும் கேட்டு வாருங்கள். பெரியோர்கள் இந்த முயற்சிக்கு வழிவிட்டு, வேண்டிய உதவியையும் செய்யவேண்டும். ஒரு வீட்டில் ஒரு தந்தை, ஒரு மகன் காலூன்றி நடந்து வீடு திரும்பினால், நாம் மனனம் செய்த விதிக்கு அதனிலும் பெரிய பரீட்சைச் சித்தி வேறில்லை.